இன்யுவெண்டோ: "நான் ஒண்ணும் சொல்லலையே!"

சில ஆங்கிலச் சொற்களுக்கு அகராதியைப் புரட்டினால் போதும், வேலை முடிந்தது. சிலதுக்கு ஜாதகத்தையே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கு. இன்யுவெண்டோ அந்த இரண்டாவது ரகம். ரொம்ப நாளா இதைப் பற்றி எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். எழுதுறவங்க தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய சங்கதி இந்தச் சொல்லின் கதையில் நிறைய இருக்கு. அதான் இன்னைக்கு உட்கார்ந்துட்டேன். (கொஞ்சம் நீளமான பதிவு. காபியோட வாங்க.)

முதலில் பொருள். ஒருத்தரைப் பற்றி நேரடியா எதுவும் சொல்லாமல், கேட்கிறவர் தானாகவே ஒரு முடிவுக்கு, அதுவும் பெரும்பாலும் கெட்ட முடிவுக்கு, வந்து சேரும்படி பேசுவதுதான் இன்யுவெண்டோ. இந்தக் கால ஆங்கிலப் பேச்சில் 'டபுள் மீனிங்' வசனத்துக்கும் இதே பேர்தான். தமிழில் இதற்குச் சொல் பஞ்சமே இல்லை. சாடை பேசுறது, ஜாடைமாடையா சொல்றது, குத்தலா பேசுறது... நம்ம பதிவுலகம் தன் பங்குக்கு 'உள்குத்து' என்ற சொல்லைக் கொண்டாடித் தீர்த்தது. "இதில் உள்குத்து எதுவும் இல்லை" என்று டிஸ்கி போட்ட பதிவைத்தான் நாம முதலில் உள்குத்து தேடிப் படிப்போம் :-)

தலையை ஆட்டிக் காட்டினவர்

லத்தீனில் 'இன்னுவேரே' என்றால் ஒருத்தரை நோக்கித் தலையசைத்துக் காட்டுவது. 'இன்னுவெண்டோ' என்றால் 'அப்படித் தலையசைத்துக் காட்டி' என்று பொருள். இதே வேரில் பிறந்த இன்னொரு சொல் அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டில் இருக்கு. பின்பக்கம் பிரமிடுக்கு மேலே ஒரு கண், அதற்கும் மேலே 'அன்னுயிட் கோயெப்டிஸ்' என்ற லத்தீன் வாசகம். நம் முயற்சிகளுக்கு அவர் தலையசைத்தார், அதாவது கடவுள் சம்மதித்தார் என்று அர்த்தம். டாலரில் இருப்பது ஆசீர்வாதத் தலையசைப்பு. நம்ம ஆள் செய்வது, "அதோ, அவன்தான்" என்று காட்டிக்கொடுக்கிற தலையசைப்பு.

எனக்கு இதில் பிடிச்ச விஷயம், தமிழும் அதே இடத்திலிருந்துதான் சொல்லை எடுத்திருக்கு. சாடை என்பது கண்ணாலும் கையாலும் காட்டுகிற சைகை. அதுவே பின்னாடி வாயால் பேசுகிற மறைமுகப் பேச்சுக்கும் பேராச்சு. வாய் திறக்காமல் ஒருத்தரைக் காட்டிக்கொடுக்கிற வித்தை ரெண்டு ஊரிலும் இருந்திருக்கு.

ஆங்கில வாத்தியார்கள் இன்னொரு பாடமும் நடத்துவாங்க. சொல்பவர் பேச்சுக்குள் ஒளித்து வைப்பது 'இம்ப்ளை', கேட்பவர் அதிலிருந்து முடிவுக்கு வருவது 'இன்ஃபர்', ரெண்டையும் குழப்பக் கூடாது என்பாங்க. தேர்வுத்தாளில் இது சுலபம். ஆனால் ஒருத்தர் மானம் போய்விட்ட பிறகு, "நான் சொல்லவே இல்லை, நீங்களா நினைச்சுக்கிட்டீங்க" என்று சொன்னவர் கையை விரித்தால்? அந்த முடிவு யார் கணக்கில் சேரும்? இன்யுவெண்டோவின் சரித்திரம் முழுக்க இந்தக் கேள்விதான். அது நடந்த இடம் இங்கிலாந்து நீதிமன்றம்.

அடைப்புக்குறிக்குள் ஒரு 'அதாவது'

இந்தச் சொல் இங்கிலாந்தில் முதலில் வம்புப் பேச்சைக் குறிக்கவே இல்லை. அது வக்கீல் குமாஸ்தாக்களின் சொல். 1733 வரைக்கும் அந்த ஊர் நீதிமன்ற ஆவணங்கள் பெரும்பாலும் லத்தீனில்தான். அவதூறு வழக்கு என்றால், பேசிய வார்த்தையை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, நடுவில் புரியாத இடத்தில் அடைப்புக்குறி போட்டு இன்னுவெண்டோ என்று எழுதி விளக்கம் சொருகுவார்கள். 'அவன் (இன்னுவெண்டோ, வாதியைத்தான்) ஒரு திருடன்' என்கிற மாதிரி. நம்ம 'அதாவது' இருக்கே, அதே வேலை. 16ஆம் நூற்றாண்டில் இது வழக்கு மொழியாகப் புழங்கியது.

அந்த அடைப்புக்குறிக்குள் வந்தது எல்லாம் "அவன் சொன்னதற்கு உண்மையில் இதுதான் அர்த்தம்" என்று வாதி சொல்லுகிற கெட்ட அர்த்தங்கள். நாளாவட்டத்தில் அடைப்புக்குறியின் பெயரே உள்ளே இருந்த சரக்குக்கும் ஒட்டிக்கிச்சு. 17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இன்யுவெண்டோ என்றால் மறைமுகப் பழிச்சொல் என்று சாதாரண ஆங்கிலத்திலும் வந்துவிட்டது.

பிளந்த தலையும் பிழைத்த சமையல்காரரும்

16ஆம் நூற்றாண்டில் அவதூறு வழக்குகள் மாதாகோயில் நீதிமன்றங்களிலிருந்து அரசு நீதிமன்றங்களுக்கு வர ஆரம்பித்தன. வந்தது வெள்ளம். திட்டினான், பழித்தான் என்று ஊரே வாசலில் நின்றால் நீதிபதிகள் என்ன செய்வார்கள்? ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பேச்சுக்கு ரெண்டு அர்த்தம் சொல்ல முடியும் என்றால், இருப்பதில் மிருதுவான அர்த்தத்தையே எடுத்துக்கொள்வது. இதற்கு 'மிட்டியோர் சென்சஸ்' என்று பெயர்.

இதன்படி வந்த தீர்ப்புகளைப் படித்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. 1602-ல் பார்ஹாம் என்பவர் தொடுத்த வழக்கு. அவர் தன் கையாலேயே என் களஞ்சியத்தை எரித்தார் என்று ஒருத்தர் சொல்லிவிட்டார். வெறும் களஞ்சியத்தை எரிப்பது அன்றைக்குப் பெருங்குற்றம் இல்லை. உள்ளே தானியம் இருந்தால்தான் பெருங்குற்றம். எனவே வாதி தரப்பு 'இன்னுவெண்டோ, தானியம் இருந்த களஞ்சியம்' என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. இன்னுவெண்டோ இருக்கிறதை விளக்கலாம், இல்லாத தானியத்தை உள்ளே கொட்டக் கூடாது என்று வழக்கு போச்சு.

1607-ல் வந்தது இன்னும் மேலே. சர் தாமஸ் ஹோல்ட் தன் சமையல்காரரை வெட்டுக்கத்தியால் தலையில் அடித்தார், தலை பிளந்து ஒரு பாதி ஒரு தோளிலும் மறுபாதி மறுதோளிலும் கிடந்தது என்று ஒருத்தர் பேசிவிட்டார். ஹோல்ட் வழக்குப் போட்டார். தோற்றார்! காரணம், சமையல்காரர் செத்துப்போனார் என்று எங்கேயும் சொல்லப்படவில்லையாம். காயத்தோடு பிழைத்திருக்கலாமாம். ரெண்டு தோளிலும் பாதிப்பாதி தலையோடு அந்த மனுஷன் மறுநாள் சூப் வைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கு.

சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இது ஒரு தெளிவான நிலைப்பாடு. சொன்ன சொல்லுக்கு மட்டுமே பொறுப்பு, கேட்பவர் போய்ச் சேரும் முடிவு அவர் பாடு. இதனால் யாருக்கு லாபம்? சாமர்த்தியமாகப் பேசத் தெரிந்தவனுக்கு.

எங்க தெருவில் நடந்ததை இங்கே சொல்லணும். கோயில் திருவிழா வசூல் கணக்கைப் பல வருஷமா ஒரே பெரியவர்தான் பார்த்துவந்தார். ஒரு வருஷம் கணக்கு வாசிச்சு முடிச்சதும் ஒருத்தர் எழுந்து, "கணக்கெல்லாம் சரிதான் அண்ணே... புது வண்டி எப்ப எடுத்தீங்க?" என்றார். அவ்வளவுதான். யாரும் திருடினார் என்று சொல்லவில்லை. கேட்டவரைத் தனியா கேட்டபோது, "வண்டி நல்லா இருக்கேன்னு கேட்டேன், அதுல என்ன தப்பு?" என்றார். வண்டி மருமகன் வாங்கிக் கொடுத்தது என்று பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பெரியவர் அதற்குப் பிறகு வசூல் நோட்டைத் தொடவே இல்லை. மறுப்பதற்கு அவரிடம் ஒரு குற்றச்சாட்டாவது இருந்திருக்கணுமே? அதுவும் இல்லை. 1607-ன் நீதிபதிகள் வந்திருந்தாலும் அவருக்கு ஒண்ணும் கிடைத்திருக்காது.

அரசாங்கம் கையில் எடுத்த அடைப்புக்குறி

இதற்கு மறுபக்கமும் இருக்கு. முடிவு முழுக்கச் சொன்னவர் கணக்கில்தான் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 18ஆம் நூற்றாண்டு அதைக் காட்டியது. அப்போதெல்லாம் எழுத்தாளர்கள் பெரிய மனிதர் பெயர்களை முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போட்டு நடுவில் கோடு இழுத்து அச்சடிப்பார்கள். யாரென்று எல்லாருக்கும் தெரியும், கேட்டால் கோடுதானே என்பார்கள். அரசாங்க வக்கீல்கள் பதிலுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் இன்யுவெண்டோ போட்டு ராஜத்துரோக வழக்குத் தொடுத்தார்கள்.

செயின்ட் அசாஃப் என்ற ஊரின் மாதாகோயில் தலைமைக் குரு வில்லியம் டேவிஸ் ஷிப்லி, 1783-ல் ஒரு சின்னப் பிரசுரத்தை வெளியிட்டார். அரசாங்கம் என்றால் என்ன என்று ஒரு கனவானும் ஒரு விவசாயியும் பேசிக்கொள்கிற உரையாடல் அது. எழுதியவர் அவர் சகோதரியின் கணவர் வில்லியம் ஜோன்ஸ். ஆமாம், அதே ஜோன்ஸ்தான், கல்கத்தாவுக்கு நீதிபதியாக வந்து 1784-ல் ஆசியக் கழகத்தை ஆரம்பித்தவர். 1784-ல் ஷிப்லி மீது விசாரணை நடந்தது. ஜூரிகள் தீர்மானிக்க வேண்டியது ரெண்டே விஷயம் என்றார் நீதிபதி. ஒன்று, இவர்தான் வெளியிட்டாரா? ரெண்டு, இன்யுவெண்டோக்கள் சரியா? அதாவது 'க' என்றால் கனவான், 'வி' என்றால் விவசாயி, ராஜா என்றால் நம்ம ராஜா என்பது சரியா? இதற்கு யாராவது இல்லை என்று சொல்ல முடியுமா? மொத்தப் பிரசுரமும் குற்றமா இல்லையா என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்களாம்.

ஷிப்லிக்காக வாதாடிய தாமஸ் எர்ஸ்கின் விடவில்லை. கடைசியில் குற்றப்பத்திரிகையே சரியில்லை என்று வழக்கு நின்றுபோனது. 1792-ல் வந்த ஃபாக்ஸின் அவதூறுச் சட்டம், எழுத்து மொத்தமும் குற்றமா என்பதை ஜூரிகளே தீர்மானிக்கலாம் என்று ஆக்கியது. எழுதியவரின் மனசை அரசு வக்கீல் மட்டும் அடைப்புக்குறி போட்டு முடிவு செய்யும் காலம் அதோடு தளர்ந்தது.

கடிகாரத் திருட்டு

இந்தச் சொல்லின் கதை நம்ம ஊருக்கும் வந்தது, சட்டமாக. மெக்காலே தலைமையில் 1837-ல் வரைவு தயாராகி, 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆவது பிரிவு அவதூறு பற்றியது. கேலியாகத் தலைகீழாகச் சொன்னாலும் அவதூறு அவதூறுதான் என்று அதில் ஒரு விளக்கம் உண்டு. கூடவே கொடுத்திருக்கும் உதாரணங்கள் அருமை. ஒருத்தருடைய கடிகாரம் திருடுபோய்விட்டது. இன்னொருத்தரைப் பற்றி, அவர் நேர்மையானவர், கடிகாரத்தை அவர் எடுக்கவே மாட்டார் என்று, அவர்தான் எடுத்தார் என்று பிறர் நம்பவேண்டும் என்ற எண்ணத்தோடு சொன்னால் அது அவதூறு. யார் எடுத்தது என்று கேட்டதும் பேசாமல் ஒருத்தரைச் சுட்டிக் காட்டினால் அதுவும் அவதூறு. அவர் கடிகாரத்தோடு ஓடுவது போலப் படம் வரைந்தால் அதுவும்.

பள்ளிக்கூடத்தில் படித்த வஞ்சப்புகழ்ச்சி அணி ஞாபகம் வருதா? முதல் உதாரணம் அதுவேதான். ரெண்டாவது, நம்ம லத்தீன் தலையசைப்பு. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. அவதூறு இப்போது 356ஆவது பிரிவில் இருக்கு. நம்பர் மாறினாலும் கடிகாரம் அங்கேயும் காணாமல்தான் போயிருக்கு.

சாக்லேட், கல்யாணப் படம், புகை

இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டில் கேள்வி மாறியது. சொன்னவர் மனசில் என்ன இருந்தது, வாதி என்ன நினைத்தார் என்பதெல்லாம் பின்னால் போய், விவரம் தெரிந்த ஒரு சாதாரண வாசகர் என்ன முடிவுக்கு வருவார் என்பது முன்னால் வந்தது. மூணு வழக்கு சொல்றேன்.

சிரில் டோலி என்ற கோல்ஃப் வீரர், பணம் வாங்காமல் விளையாடுகிற அமெச்சூர். 1928-ல் ஃப்ரை சாக்லேட் கம்பெனி அவரைக் கேட்காமலே, பாக்கெட்டில் சாக்லேட் துருத்திக்கொண்டிருக்க அவர் பந்தை அடிப்பது போல விளம்பரப் படம் போட்டது. படத்தில் தப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனால் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? அமெச்சூர் என்று சொல்லிக்கொண்டு காசு வாங்கிவிட்டார் என்றுதானே? 1931-ல் பிரபுக்கள் சபை டோலி பக்கம் நின்றது.

அடுத்தது 1929-ல் தீர்ப்பான காசிடி வழக்கு. டெய்லி மிரர் ஒருத்தர் பெண்ணோடு நிற்கும் படத்தைப் போட்டு, இவர்களுக்கு நிச்சயதார்த்தம் என்று செய்தி வெளியிட்டது. அந்த மனுஷர் ஏற்கனவே கல்யாணம் ஆனவர். செய்தியில் மனைவியைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. ஆனால் அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள், அப்படியானால் இத்தனை நாள் அவர் மனைவியே இல்லையா என்று முடிவு கட்டினார்கள். பத்திரிகைக்கு எதுவும் தெரியாது, கெட்ட எண்ணமும் இல்லை. அப்படியும் 500 பவுண்டு நஷ்டஈடு. படிக்கிறவருக்கு மட்டும் தெரிந்த வேறொரு விவரத்தோடு சேர்ந்து பிறக்கும் இந்த மாதிரி அர்த்தத்துக்கு, வக்கீல் மொழியில் 'உண்மையான இன்யுவெண்டோ' என்றே பெயர்.

மூணாவதுதான் நமக்கு முக்கியம். 1958 டிசம்பர் 23 அன்று டெய்லி டெலிகிராஃப், டெய்லி மெயில் ரெண்டும் ஒரு கம்பெனியின் விவகாரத்தை மோசடித் தடுப்புப் போலீஸ் விசாரிக்கிறது என்று முதல் பக்கத்தில் போட்டன. தலைவர் ஜான் லூயிஸ் வழக்குப் போட்டார். ஜூரிகள் டெலிகிராஃப் மட்டும் கம்பெனிக்கு 75,000, அவருக்கு 25,000 பவுண்டு தரணும் என்றார்கள். 1963-ல் பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. விசாரணை நடக்கிறது என்று படித்த உடனே குற்றவாளி என்று முடிவுகட்டுபவர் நியாயமான வாசகர் இல்லை என்றது. நெருப்பில்லாமல் புகையாது என்று நினைக்கிற அளவுக்கு எல்லாருடைய சந்தேகத்துக்கும் எழுதினவர் ஜவாப் சொல்ல முடியாது இல்லையா? ஆனால் அதே தீர்ப்பில் டெவ்லின் பிரபு இன்னொன்றும் சொன்னார். புகையைப் பற்றி மட்டும் பேச விரும்புபவர், நெருப்பும் இருக்கு என்று தோன்றாதபடி வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க வேண்டும். "அப்படிக் கேள்விப்பட்டேன்", "பேசிக்கிறாங்க" என்று முன்னாடி ஒட்டவைத்துத் தப்பிக்கவும் முடியாது.

ஒரு அப்பாவி மூஞ்சி

2012 நவம்பர் 2. பிபிசியின் நியூஸ்நைட், தாட்சர் காலத்து முக்கியக் கன்சர்வேடிவ் அரசியல்வாதி ஒருவர் மீது குழந்தைகளிடம் தவறாக நடந்ததாகக் குற்றச்சாட்டு என்று பெயர் சொல்லாமல் ஒளிபரப்பியது. இணையம் பெயரைத் தேடி அலைந்தது. ரெண்டு நாள் கழித்து, நாடாளுமன்ற சபாநாயகரின் மனைவி சாலி பெர்கோ ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். மெக்கால்பைன் பிரபு பெயர் ஏன் இவ்வளவு அடிபடுகிறது என்று ஒரு கேள்வி. அதன் பின்னாடி ரெண்டு நட்சத்திரக் குறிக்கு நடுவில், 'அப்பாவி மூஞ்சி' என்று ரெண்டே வார்த்தை.

மெக்கால்பைனுக்கும் அந்த விஷயத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆளை மாற்றி அடையாளம் காட்டியதால் வந்த வினை. பிபிசி 1,85,000 பவுண்டு கொடுத்தது, அதன் தலைமை இயக்குநர் ராஜினாமா செய்தார். பெர்கோ வழக்கு 2013 மே 24-ல் தீர்ப்புக்கு வந்தது. கேள்விதானே கேட்டேன் என்ற வாதம் எடுபடவில்லை. அந்த 'அப்பாவி மூஞ்சி' அப்பாவித்தனமாகப் போட்டது இல்லை, படிக்கிறவர் முடிவுக்கு வர அதுவே கை காட்டுகிறது என்று நீதிபதி கொண்டார்.

யோசித்துப் பாருங்க. லத்தீனில் தலையசைப்பில் பிறந்த சொல், அத்தனை நூற்றாண்டு கழித்து முகபாவனைக்கே வந்து சேர்ந்திருக்கு. நாம வரி முடிவில் போடுகிற கண்ணடிக்கிற ஸ்மைலியும் அதன் தம்பிதான்.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இதுதான். வாசகர் எங்கெங்கோ போய் நினைப்பதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. ஆனால் நான் விரலை நீட்டிவிட்டு வாயை மட்டும் மூடிக்கொண்டால், அந்த முடிவு என்னுடையதுதான். அதனால் ஒருத்தர் மேல் குற்றம் சொல்லணும்னா ஆதாரத்தோடு நேரா சொல்றது. அந்தத் தைரியமோ ஆதாரமோ இல்லைன்னா, பெயர் சொல்லாத "அந்தப் பிரபலம்" பதிவு போடாமல் இருக்கிறது. நேரா சொன்னால் எதிராளி பதிலாவது சொல்ல முடியும். வண்டி நல்லா இருக்கேன்னு கேட்டால் அவர் என்னத்தைச் சொல்வார்?

உங்க ஊர்ப்பக்கம் சாடைப் பேச்சுக்கு வேற சொல் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்க, சேர்த்து வைக்கிறேன்.

டிஸ்கி: இந்தப் பதிவில் உள்குத்து எதுவும் இல்லை. சத்தியமா இல்லைங்க!